சிம்கோ ஏரி: இருட்டின பிறகு லிங் மீன் பிடிக்க ஐஸ், துளை, இரை, ஹீட்டர்

ஏரிக்கரை

வணக்கம். ஒன்ராறியோவின் சிம்கோ ஏரியில் பகலில் பேர்ச் பிடிக்கிற அளவுக்குச் சாமான் இருக்கிறது: 6 அங்குல ஆகர் (ஐஸில் துளை போடும் கருவி), இரண்டு மெல்லிய தடி, மடக்குக் கூடாரம், சின்ன புரொப்பேன் ஹீட்டர். பெப்ரவரியில் இருட்டின பிறகு லிங் (பேர்பட் என்றும் சொல்கிறார்கள்) பிடிக்கப் போவதென்றால் எதை மாற்ற வேண்டும்? இரண்டு பேர், நடைதான், ஸ்னோமொபைல் இல்லை. எந்த ஆழம், எந்த நேரம், என்ன இரை? பச்சை விளக்கைத் தண்ணீருக்குள் இறக்கினால் மீன் கூடும் என்று சில வீடியோக்களில் காட்டுகிறார்கள். அது இங்கே செய்யலாமா?

தங்கூசி

கடைசிக் கேள்வியில இருந்து தொடங்கிறன். அந்தப் பச்சை விளக்கு வேண்டாம். ஒன்ராறியோவில மீனை இழுக்க வெளிச்சம் பாவிக்கேலாது. தூண்டில் போடுறவைக்கு, தங்கூசியில கட்டின லூரிலயே (பொய் இரையிலயே) இருக்கிற வெளிச்சத்துக்குத்தான் விலக்கு. கூடாரத்துக்குள்ள உங்கட கண்ணுக்கு வைக்கிற லாந்தர் வேற விசயம், அதைத் தாராளமா வையுங்கோ.

ஆழம். லிங் கொட் மீன் குடும்பம். அந்தக் குடும்பத்தில முழுக்க நன்னீரிலயே சீவிக்கிற ஒரே மீன் இதுதான். மற்ற மீனெல்லாம் குளிரில மந்தமாகேக்க இது சுறுசுறுப்பாகும். பகலில ஆழத்தில, கல்லு இடுக்குகளில படுத்திருக்கும். வெளிச்சம் போனாப்பிறகு சரிவு வழிய மேல ஏறி இரை தேடும். தை கடைசியில இருந்து மாசி, பங்குனி வரைக்கும் ஐஸுக்குக் கீழயே முட்டை போடுற காலம். அதுக்கு மணலும் பருக்கைக் கல்லும் உள்ள ஆழங்குறைஞ்ச திட்டுக்கு வரும், அதுவும் இரவிலதான். ஆனபடியால் நீங்கள் தேட வேண்டியது வெறும் ஆழமும் இல்லை, வெறும் திட்டும் இல்லை. 12–18 மீட்டர் பள்ளத்தில இருந்து 4–6 மீட்டர் திட்டுக்கு ஏறுற சரிவு. ஆழ வரைபடத்தில கோடுகள் நெருங்கி நிக்கிற இடத்தைப் பாருங்கோ.

நேரம். பெப்ரவரியில பொழுது பட மாலை ஐந்தரை, ஆறாகும். பொழுது பட்டு ஒரு மணித்தியாலம் ஒண்டும் தட்டாமல் இருந்தால் யோசிக்காதேங்கோ. ஏழில இருந்து பத்து வரைக்கும்தான் முக்கியமான நேரம்.

பொழுது படுறதுக்கு இரண்டு மணித்தியாலத்துக்கு முதலே போய், சரிவு வழிய ஒரே நேர்கோட்டில எட்டுத் துளை போட்டு வையுங்கோ. திட்டின்ர தலையில ஒண்டு, அங்க இருந்து பள்ளத்துப் பக்கமா பத்துப் பதினைஞ்சு அடிக்கு ஒண்டு. ஒவ்வொண்டின்ர ஆழத்தையும் அளந்து ஒரு துண்டில எழுதுங்கோ. இருட்டில துளை போடுற சத்தமும் வேண்டாம், ஆழம் தேடுற அலைச்சலும் வேண்டாம்.

வடகாற்று

துளைக்கு முன் ஐஸ். சிம்கோ 722 சதுர கி.மீ. பரப்புள்ள ஏரி, அது ஒரே தட்டாக உறைவதில்லை. தெற்கே குக்ஸ் பே ஆழம் குறைந்தது, முதலில் உறையும். மேற்கே கெம்பன்ஃபெல்ட் பே 40 மீட்டர் வரை இறங்குகிறது, கடைசியில்தான் மூடும். ஹாலண்ட் ஆறு குக்ஸ் பேயில் வந்து விழுகிற இடம், ஏரி நீர் கூச்சிச்சிங் ஏரிக்கு வடியும் அதர்லி என்ற ஒடுங்கிய நீர்வழி, படகுத்துறைகளைக் காக்க அடியிலிருந்து காற்றுக்குமிழி விடும் இடங்கள், இவற்றின் பக்கம் பெப்ரவரி நடுவிலும் போகாதீர்கள். ஓடும் நீரும் கிளறப்பட்ட நீரும் ஐஸை அடியிலிருந்தே தின்றுகொண்டிருக்கும்.

கனடியச் செஞ்சிலுவைச் சங்கம் ஒருவர் நடக்க 15 செ.மீ., ஸ்னோமொபைலுக்கு 25 செ.மீ. என்கிறது. அது கண்ணாடி போல நீலம் தட்டிய ஐஸுக்கான கணக்கு. ஸ்னோ நனைந்து உறைந்த வெள்ளை ஐஸுக்குப் பலம் பாதிதான், ஆகவே கனம் இரண்டு மடங்கு வேண்டும். இரவில் வரும் சிக்கலே இதுதான்: தலை விளக்கின் வெளிச்சத்தில் நீல ஐஸும் வெள்ளை ஐஸும் ஒரே நிறமாகத் தெரியும். கண்ணால் தரம் பிரிக்க முடியாது. அதனால் போகிற வழியை வெளிச்சம் இருக்கும்போதே இரும்புக் கோலால் நான்கைந்து அடிக்கு ஒரு தரம் ஓங்கிக் குத்திப் பாருங்கள். கெட்டி ஐஸ் 'ணங்' என்று திருப்பி அடிக்கும். மொத்தென்று சத்தம் செத்துப்போனாலோ கோலைச் சுற்றி ஈரம் ஊறினாலோ அந்தப் பக்கம் வேண்டாம். திரும்பும்போது அதே தடத்தில்தான் வர வேண்டும். குறுக்கு வழி எதுவும் கிடையாது.

அடுத்தது அழுத்தப் பிளவு. காலையில் ஒரு சாண் அகலத்தில் தாண்டிப் போன பிளவு, காற்று திசை மாறினால் இரவில் மூன்று மீட்டர் கறுப்பு நீராகக் கிடக்கும். நீங்கள் ஏறின கரையிலிருந்து ஏரியின் நடுவை நோக்கிக் காற்று பலமாக வீசப்போகிறது என்றால், கரைக்கும் உங்களுக்கும் நடுவே பிளவு இருக்கிற இடத்தில் அன்றிரவு உட்காரக்கூடாது. வானிலை அறிக்கையில் வெப்பநிலையை மட்டும் பார்க்காமல், மணிக்கு மணி காற்றின் திசையையும் பாருங்கள்.

இரவில் குளிர் ஏறும்போது ஐஸ் சுருங்கி இடி மாதிரி உறுமும், காலடியில் கோடு ஓடும். புதிதாகப் போகிறவர்கள் அதைக் கேட்டு எழுந்து ஓடுகிறார்கள். கனமான ஐஸில் அது வழக்கமான சத்தம். சத்தத்துக்குப் பயப்படத் தேவையில்லை. துளையில் தண்ணீர் தானாகப் பொங்கி மேலே வழிந்தால் அல்லது ஐஸ் மேல் ஈரத்திட்டு தெரிந்தால் மட்டும் சாமானை விட்டாவது கிளம்புங்கள்.

நெய்தல்

தடி விஷயத்தை யாரும் தொடவில்லை. பேர்ச் தடி இதற்கு ஆகாது. 14–20 கிராம் ஸ்பூனை (உலோகத் தகட்டு லூர்) 15 மீட்டர் ஆழத்தில் ஆட்டினால் மெல்லிய நுனி பாதி அசைவை விழுங்கிவிடும், முள்ளும் ஏறாது. 70–80 செ.மீ. நீளத்தில் மீடியம்-ஹெவி தடி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். 10 பவுண்டு மோனோ (ஒற்றை இழை) நரம்பு போதும். பிரெய்டு (பின்னல்) நரம்பு நீரை உறிஞ்சி வெளியே உறைந்து தடியின் வளையத்தை அடைக்கும். சூடான கூடாரத்துக்குள் மட்டும் அது பரவாயில்லை.

லூர் இருட்டில் ஒளிர்கிற வகையாக இருக்கட்டும். அந்த ஒளி சில நிமிடத்தில் மங்கிவிடும் என்பதை மறந்துவிடுகிறார்கள். புற ஊதாக் கதிர் டார்ச்சைப் பத்து விநாடி காட்டி இறக்குங்கள். கால் மணிக்கு ஒரு தரம் மேலே இழுத்து மறுபடி காட்ட வேண்டும். அதிகப் பிரகாசமும் தேவையில்லை. லிங் மோப்பத்தாலும் தாடையின் கீழே தொங்கும் ஒற்றை மீசையாலும்தான் இரையைக் கடைசியாக உறுதி செய்கிறது. வெளிச்சம் அதைப் பக்கத்தில் கொண்டுவரும், வாயைத் திறக்க வைப்பது வாசனை. ஆகவே ஸ்பூனின் முள்ளில் மின்னோ என்கிற சிறு இரை மீனின் தலையைக் கிள்ளிக் குத்துங்கள். முழு மீனை விட வெட்டின தலை நல்லது, ரத்தமும் சாறும் கசியும். இருபது நிமிடத்தில் வெளுத்துப்போகும், உடனே மாற்றுங்கள்.

ஆட்டுகிற விதம்: ஸ்பூனைத் தரையில் மூன்று நான்கு தரம் குத்துங்கள், சேறு கிளம்பட்டும். பிறகு இரண்டு விரல் உயர்த்தி அசையாமல் பத்துப் பதினைந்து விநாடி வைத்திருங்கள். மறுபடி குத்துங்கள். ஒரு முழம் மேலே தூக்கி ஆட்டுவது ட்ரவுட்டுக்குச் சரி. சிம்கோவில் லிங்குக்கு இரையாகும் மீன்களில் ரவுண்ட் கோபியும் ஒன்று, அது தரையை விட்டு எழும்பாத மீன்.

ஃபிளாஷரில் (தரையையும் மீனையும் வண்ணக் கோடாகக் காட்டும் சோனார் கருவி) இதைக் கண்டுபிடிக்கக் கண் பழக வேண்டும். ட்ரவுட் வந்தால் நடுநீரில் தனிக் கோடு பாய்ந்து வரும். லிங் வயிற்றைத் தரையில் உரசிக்கொண்டு வருவதால் தனிக் கோடே விழாது. அடித்தளத்தின் சிவப்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டே இருங்கள். அதன் மேல் விளிம்பு கொஞ்சம் தடிக்கும், அந்த ஓரத்தில் பச்சை துடித்துத் துடித்து மறையும். அதுதான் மீன். கடி என்று ஒரு தட்டும் வராது. தூக்கும்போது ஈரத்துணி மாட்டின மாதிரி ஒரு பாரம் தெரியும். அப்போது வெடுக்கென்று சுண்டாமல் அழுத்தமாக மேலே இழுங்கள்.

இரண்டாவது தூண்டிலுக்கு வெளியே ஒரு டிப்-அப் (மீன் இழுத்தால் கொடி எழும்பும் தாங்கி) போட்டு, கொடியில் சின்ன எல்.இ.டி. விளக்கு மாட்டிவிடலாம்.

தங்கூசி

நெய்தல் சொன்னதில கடைசி வரிக்கு ஒரு திருத்தம். ஒன்ராறியோவில ஐஸில ஆளுக்கு இரண்டு தூண்டில் சரி. ஆனால் 60 மீட்டருக்குள்ள நிக்க வேணும், அதோட எந்த நேரமும் மறைப்பில்லாமல் தூண்டில் கண்ணுக்குத் தெரிய வேணும். கூடாரத்தின்ர சிப்பை மூடிப்போட்டு வெளியில டிப்-அப் வைச்சால் அந்த விதி உடையுது. சன்னலைத் திறந்து வையுங்கோ, இல்லாட்டில் இரண்டு துளையையும் கூடாரத்துக்குள்ள எடுங்கோ. லிங் ஆட்டுற ஸ்பூனைப் பார்க்க வந்து பக்கத்தில சும்மா கிடக்கிற இரையை எடுக்கிறது வழமை. ஆனபடியால் இரண்டாவது துளை ஒரு மீட்டர் தள்ளி இருந்தாலே காணும். அதில ஒற்றை வட்டமுள், தரையில படுத்திருக்கிற செத்த மின்னோ. மூன்று கவர் முள் வேண்டாம், இது தொண்டை வரைக்கும் விழுங்கிற மீன்.

இரை வாங்கிற கடை ரசீதை எறியாதேங்கோ. இரை மீன் அது பிடிபட்ட இரை மேலாண்மை வலயத்துக்குள்ளயேதான் பாவிக்க வேணும், வாங்கி இரண்டு கிழமைக்குள்ள முடிக்க வேணும், ரசீது கையில இருக்க வேணும். மிஞ்சினதையும் வாளித் தண்ணியையும் துளைக்குள்ள ஊத்தக்கூடாது. ஏரிக்கு 30 மீட்டருக்கு அங்கால, தரையில. கோபியை இரையாக் கொளுவுறது முழுக்கத் தடை.

ஏரிக்கரை

மிகவும் நன்றி. மூன்று சந்தேகம். 6 அங்குலத் துளை போதாதா? வழி பார்க்கத் தொலைபேசி ஜி.பி.எஸ். போதுமா? என் ஹீட்டரில் ஒட்சிசன் குறைந்தால் தானாக அணையும் வசதி இருக்கிறது, அதனால் கூடாரத்தை முழுக்க மூடிவைக்கலாம்தானே?

வடகாற்று

மூன்றாவதற்குப் பதில்: கூடாது. அந்த வசதி ஒட்சிசன் அளவை மட்டுமே பார்க்கிறது, கார்பன் மொனொக்சைடைப் பார்ப்பதில்லை. ஹீட்டரின் முகத்தில் ஸ்னோ தெறித்தாலும், பர்னர் அழுக்காக இருந்தாலும், கூடாரத் துணி பக்கத்தில் சாய்ந்தாலும் எரிவாயு முழுதாக எரியாமல் அந்த வாயு கிளம்பும். நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, குமட்டல், தூக்கம் வரும். இரவில் குளிர்ந்து களைத்திருக்கிறவர் அதைக் களைப்பு என்றே நினைப்பார். மேலே ஒரு காற்றுவழி, கீழே ஒரு காற்றுவழி, இரண்டும் திறந்தே இருக்கட்டும். மேல் துவாரத்தில் மூச்சின் ஈரம் உறைந்து உள்ளிருந்தே அடைத்துக்கொள்ளும், மணிக்கு ஒரு தரம் கையால் தட்டிவிடுங்கள். பேட்டரி மொனொக்சைடு அலாரம் ஒன்றை உட்கார்ந்திருக்கும் தலை உயரத்தில் மாட்டுங்கள். கிளம்பும் முன் வீட்டிலேயே அதன் பொத்தானை அழுத்திப் பாருங்கள். குளிரில் பேட்டரி சோர்ந்துவிடும், புதிதாகப் போடுங்கள்.

எரிவாயுக் கணக்கு: ஒரு பவுண்டு புரொப்பேனில் ஏறக்குறைய 21,600 பி.டி.யு. இருக்கிறது. 4,000-இல் வைத்தால் ஐந்து மணிக்கு மேல் ஓடும், 9,000-இல் வைத்தால் இரண்டரை மணிகூட வராது. கடுங்குளிரில் சிலிண்டருக்குள் அழுத்தம் விழுந்து, கொஞ்சம் மீதி இருக்கும்போதே சுடர் மஞ்சளாகித் தள்ளாடும். மஞ்சள் சுடர் என்றால் அணைத்துவிட்டு மாற்றுங்கள். ஒரு இரவுக்கு மூன்று சிலிண்டர் எடுங்கள். ஐஸ் மேல் நேரடியாக வைக்காமல் ஒரு நுரைப்பலகை மேல் வையுங்கள். சூடாக்குகிறேன் என்று ஹீட்டரின் முன்னால் நிறுத்தாதீர்கள்.

தொலைபேசி: குளிரில் 40 சதவீதம் காட்டுகிற பேட்டரி சட்டென்று அணையும். உள்சட்டைப் பையில் உடம்போடு வையுங்கள். நடந்துபோன தடத்தைப் பதிவு செய்யுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். ஒரு திசைகாட்டி, கரையிலிருந்து கூடாரத்துக்குப் போன பாகை எண், திரும்ப வரும் எண், இரண்டும் துண்டில் எழுதி இருவர் பையிலும் இருக்க வேண்டும். காற்றில் ஸ்னோ கிளம்பினால் கரை விளக்குகள் ஐந்து நிமிடத்தில் மறையும். அப்போது நடக்கத் தொடங்குவதை விட, காற்று ஏரி நடுவை நோக்கி இல்லாதவரை, கூடாரத்தை நங்கூரமிட்டு உட்கார்ந்திருப்பது மேல்.

ஐஸ் உடைந்தால்: மனிடோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் பரப்பின 1-10-1 கணக்கை மனப்பாடம் செய்யுங்கள். படபடக்கும் மூச்சைச் சீராக்கிக்கொள்ள 1 நிமிடம், கை கால் பயன்படும் 10 நிமிடம், நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி. முதல் நிமிடத்தில் வெளியேற முயலவே வேண்டாம். மூச்சு அடங்கட்டும். பிறகு வந்த பக்கமே திரும்புங்கள், உங்களைத் தாங்கின ஐஸ் அங்கேதான் இருக்கிறது. கால்களை நீச்சல் மாதிரி உதைத்து உடம்பைப் படுக்கையாக்கி, கையில் பிடித்த ஐஸ் ஊசிகளை (கைப்பிடியுள்ள கூர் முனைகள்) ஐஸில் குத்தி இழுத்து வெளியே வந்து, எழுந்து நிற்காமல் உருண்டு வாருங்கள். அந்த ஊசிகள் கழுத்தில் தொங்க வேண்டும். ஸ்லெட்டிலோ பைக்குள்ளோ இருக்கிற ஊசியை உறைந்த விரலால் எடுக்க முடியாது. மற்றவர் கிட்டே போகாமல் எறிய 15 மீட்டருக்குக் குறையாத கயிறு. இருட்டில் நடக்கும்போது இருவரும் பத்து மீட்டர் இடைவெளி விட்டு நடங்கள், ஒரே இடத்தில் இரண்டு பாரம் வேண்டாம்.

தங்கூசி

துளை 8 அங்குலம் வேணும். லிங்கின்ர தலை தட்டை, அகலம். முட்டை வைச்ச வயிறு பந்து மாதிரி இருக்கும். துளையின்ர அடி விளிம்பில தலையைக் கொடுத்து உடம்பை வளைச்சு முண்டு குடுக்கும், 6 அங்குலத்தில அந்த இடத்திலதான் தங்கூசி அறும். மேல வந்தவுடன விலாங்கு மாதிரிக் கையைச் சுத்தும், அதுக்குப் பயப்பட ஒண்டுமில்லை, கடிக்கவும் மாட்டுது. கன்னத்துக்குப் பின்னால பிடிச்சு, நீளமான இடுக்கியால முள்ளைத் திருப்பி எடுங்கோ.

ஆகர் விசயம் ஒண்டு. வெட்டி முடிஞ்சவுடன அலகைத் தட்டி, தண்ணியைச் சுழட்டி உதறி, உறை போடுங்கோ. ஈரத்தோட ஐஸில சாய்ச்சு வைச்சால் அலகின்ர விளிம்பில ஐஸ் படை படியும், அடுத்த துளையில சுத்தும், வெட்டாது. கனபேர் அலகு மொட்டையாப் போச்செண்டு நினைச்சு எறியிறது இதைத்தான். லித்தியம் பேட்டரி ஆகர் எண்டால் பேட்டரியைக் கழட்டிக் குளிர்ப் பெட்டிக்குள்ள துணி சுத்தி வையுங்கோ, வீட்டுக்கு வந்து அறைச் சூட்டுக்கு வந்தாப்பிறகு சார்ஜ் போடுங்கோ. உறைகிற குளிரில சார்ஜ் ஏத்தினால் பேட்டரி உள்ளுக்குள்ள பழுதாகும்.

இன்னொண்டு, ஆழத்தில இருந்து எடுக்கிற லிங்கைத் திருப்பி விடுறது. ட்ரவுட் மேல வரேக்க காத்தை வாய் வழிய விட்டிடும். லிங்குக்கு அந்தக் குழாய் இல்லை, காத்துப்பை ஊதி வயிறு புடைச்சிடும். 15 மீட்டரில பிடிச்சு ஆட்டி விளையாடிப்போட்டு விட்டால் அது ஐஸுக்குக் கீழ மிதந்து சாகும். சமைக்கத் தேவையான அளவு கிடைச்சோண்ண தூண்டிலை எடுங்கோ, இல்லாட்டில் 5 மீட்டர் திட்டுக்கு மாறுங்கோ. முட்டை போட வந்த மீனைக் குவியல் குவியலா அள்ளுறது எனக்குப் பிடிக்காத வேலை. தேவைக்கு எடுங்கோ.

நெய்தல்

தங்கூசி அண்ணன் எட்டுத் துளை போடச் சொன்னதில் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. நடந்து போகிற இரண்டு பேர் இருட்டில் கூடாரத்தைத் துளைக்குத் துளை இழுப்பது வீண். ஸ்னோவால் ஓரம் மூடி, நங்கூரம் திருகி, மறுபடி கழற்றி என்று அரைமணி போய்விடும். அந்த மீன் சரிவு வழியாகத்தானே ஏறி வருகிறது? சரிவின் நடுவில், 8–10 மீட்டர் ஆழத்தில் உட்கார்ந்து தரையைக் குத்திக்கொண்டிருந்தால் அதுவே வரும். லிங்கைப் பொறுத்தவரை காத்திருப்பது பலிக்கும்.

தங்கூசி

கூடாரத்தை இழுக்கச் சொல்லேல்லை தம்பி. ஒராள் கூடாரத்துக்குள்ள இருக்கட்டும், மற்ற ஆள் தடியும் கையுமா மேல் துளை, கீழ்த் துளை எண்டு இருபது நிமிசத்துக்கு ஒண்டாப் பார்க்கட்டும். எந்த ஆழத்தில முதல் மீன் வருதோ, அண்டைக்குக் கூட்டம் அந்த ஆழத்திலதான். அது தெரிஞ்சாப்பிறகு ஒரே ஒருக்கா கூடாரத்தை மாத்தினால் காணும். காத்தடிக்கிற இரவில எண்டால் நீங்கள் சொல்லுறதுதான் சரி, மாறாதேங்கோ.

மீன்சட்டி

பிடித்த பிறகு என்ன செய்வது என்று யாரும் எழுதவில்லை, அதனால் நான். மீனை வெளியே ஐஸ் மேல் போடாதீர்கள். மைனஸ் 15-இல் வழுவழுப்போடு கட்டையாக உறைந்தால் தோலை உரிக்கவே முடியாது. குளிர்ப் பெட்டிக்குள் வைத்தால் உறையாமல் இருக்கும்.

செதில் கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னது, சுரண்ட வேண்டாம். தலைக்குப் பின்னால் சுற்றிவரத் தோலை மட்டும் கீறி, இடுக்கியால் பிடித்து வாலை நோக்கி இழுத்தால் காலுறை மாதிரிக் கழன்று வரும். முதுகின் இரு பக்கமும் முள்ளை ஒட்டிக் கத்தியை இறக்கினால் இரண்டு வெள்ளைத் துண்டு. வால் பக்கமும் நல்ல சதை, விடாதீர்கள்.

இந்த மீனின் கொழுப்பெல்லாம் ஈரலில், சதையில் எண்ணெய் கிடையாது. அதனால் அதிகம் கொதித்தால் ரப்பராகும். புளிக்குழம்பு முழுக்கக் கொதித்து எண்ணெய் மிதந்த பிறகு, இரண்டு அங்குலத் துண்டுகளைப் போட்டு மூடி ஆறேழு நிமிடம், அவ்வளவுதான். கரண்டி போட்டுக் கிளறாமல் சட்டியைப் பிடித்து அசையுங்கள். சொதிக்கு இன்னும் பொருந்தும்: தேங்காய்ப்பால், மஞ்சள், பச்சை மிளகாய், வெங்காயம், கடைசியில் மீன், இறக்கின பிறகு தேசிக்காய்.

ஈரல் பெரிது, ருசி. ஆனால் இந்த மீனின் ஈரலிலும் சதையிலும் நாடாப்புழுவின் குடம்பி இருக்கக்கூடும், அரை வேக்காடு கூடாது. நடுப்பகுதி 63 பாகை செல்சியஸ் தொட வேண்டும். பச்சையாக ஊறவைத்துச் சாப்பிடும் எண்ணம் இருந்தால் மைனஸ் 20-இல் ஏழு நாள் உறையவைக்காமல் தொடாதீர்கள். கர்ப்பிணிகளுக்கும் பிள்ளைகளுக்கும் கொடுக்கும் முன், மீனின் நீளத்துக்கு மாதம் எத்தனை வேளை என்று மாகாண அரசின் மீன் உணவு வழிகாட்டியில் சிம்கோ பக்கத்தைப் பாருங்கள்.

ஏரிக்கரை

அக்கா, மிக்க நன்றி, அது பெரிய உதவி. கூடாரத்துக்குப் பதிவு எண் வேண்டுமா? கிளம்பும்போது துளைகளை என்ன செய்வது?

வடகாற்று

தரைப்பரப்பு 7 சதுர மீட்டரோ அதற்குக் குறைவோ உள்ள துணிக் கூடாரத்துக்குப் பதிவு தேவையில்லை. மரக் குடிசை என்றால் எண் வேண்டும், 6.3 செ.மீ. உயர எழுத்தில், வெளியே தெரியும்படி. சிம்கோவில் மார்ச் 15-க்குள் அவற்றை ஐஸை விட்டு எடுத்துவிட வேண்டும்.

துளைகள்: எட்டு அங்குலத் துளையில் ஒருவருடைய கால் முழங்கால் வரை இறங்கும். இரவில் அதன் மேல் கண்ணாடிப் படலம் கட்டி அதன் மேல் ஸ்னோ தூவினால் அடையாளமே இருக்காது. ஒவ்வொரு துளைக்குள்ளும் வெட்டின ஐஸ் துகளைத் திரும்பத் தள்ளி மிதித்து, மேலே முழங்கால் உயரத்துக்கு ஸ்னோவைக் குவித்து, ஒரு சுள்ளியை நட்டுவிடுங்கள். எண்ணிக்கையையும் சரிபாருங்கள். எட்டுப் போட்டால் எட்டுக் குவியல் நிற்க வேண்டும்.